ரொட்டி மா அளந்த இடைவெளி

கொஸ்லந்த கடைத்தெருவைத் தாண்டி வெல்லவாயப் பக்கம் இறங்கினால், வீதியோரமாக ஒரு தகரக் கூரைக் கராஜ். போன மாதம் அங்கே பொனட் கழற்றிய ஓர் ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் கார் நின்றது. 1950களில் இங்கிலாந்தில் செய்த கார். அதன் பழைய எஞ்ஜின் சுவரோரம் சாக்கு மேல் கிடந்தது. புதிதாக ஒரு ஜப்பானிய எஞ்ஜின் சங்கிலியில் தொங்கி, அப்போதுதான் காருக்குள் உட்கார்ந்திருந்தது. காரின் சொந்தக்காரரான ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒரு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கராஜ் பாஸுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவர் உதவிப் பையனை வீட்டுக்கு அனுப்பி, பகல் ரொட்டிக்குப் பிசைந்த கோதுமை மாவில் ஓர் உருண்டை வாங்கி வரச் சொன்னார். பசியாக்கும் என்று நினைத்தேன். வந்த மாவை அவர் இரண்டாகக் கிள்ளி, எஞ்ஜினின் வலப்பக்கத்தில் புகை வெளியேறும் மெனிபோல்டின் மேல் ஒட்டினார். அதன் அருகால்தான் ஸ்டியரிங் தண்டு சாய்வாகக் கீழே இறங்குகிறது. பையன் உள்ளே ஏறி, ஸ்டியரிங்கை வலது கோடிக்கும் இடது கோடிக்கும் திருப்பினான். பாஸ் எஞ்ஜினுக்கு அடியில் அலவாங்கைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினார். பிறகு மாவை மெதுவாக உரித்தெடுத்து, நசுங்கிய இடத்தைப் பிளேட்டால் வெட்டி, வேர்னியரில் வைத்தார்.

“நாலு மில்லி. பத்தாது தம்பி. ஏத்தத்துல மொத கியர் போட்டா தொட்டுரும்.”

மாஸ்டர் பக்கம் திரும்பி, “ரெண்டு நாள் பொறுங்க மாஸ்டர்” என்றார்.

நின்றுகொண்டிருந்த காரில் நான் பார்த்த இடைவெளி ஒரு விரல் நுழையும் அளவுக்கு இருந்தது. அதை நாலு மில்லிமீற்றராகக் குறைத்தது எது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போனவன், முந்நூற்றைம்பது ஆண்டு விஞ்ஞானத்துக்குள் போய்ச் சேர்ந்தேன்.

பழைய காருக்குள் வேறொரு எஞ்ஜினை வைப்பது நம் நாட்டில் பொழுதுபோக்காகத் தொடங்கியதல்ல. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுகியது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, இருந்த ஒஸ்டினையும் மொரிஸையும் ஹில்மனையும்தான் ஓட்டியாக வேண்டும். காரின் உடம்பு கெட்டியாக இருக்கும், எஞ்ஜின் தேய்ந்துவிடும். மறுபடி 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளிலும் பழைய கார்களுக்கு மீண்டும் மவுசு வந்தது. பாவித்த ஜப்பானிய எஞ்ஜின் வேண்டுமென்றால் கொழும்புப் பஞ்சிகாவத்தைக்குப் போக வேண்டும். போய் எடுத்து வந்துவிடலாம். அதை இன்னொருவன் வீட்டுக்குள் குடிவைப்பதில்தான் வேலை இருக்கிறது.

ஒரு விதத்தில் இது அந்நியர் வீடும் அல்ல. 1952இல் ஜப்பானின் நிசான் கம்பனி, ஒஸ்டின் கம்பனியோடு ஒப்பந்தம் செய்து, ஒஸ்டின் ஏ-40 காரையும் பின்னர் ஏ-50 கேம்பிரிட்ஜ் காரையும் ஜப்பானிலேயே செய்தது. அங்கே ஆலோசகராக இருந்த டொனால்ட் ஸ்டோன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர், கேம்பிரிட்ஜின் 1489 சிசி எஞ்ஜினில் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தைக் குறைத்து 988 சிசி எஞ்ஜின் ஒன்றை உருவாக்கச் சொன்னார். 1957இல் வந்த டட்சன் காரில் அது ஓடியது. “ஸ்டோன் எஞ்ஜின்” என்றே அதற்குப் பெயர். ஒஸ்டினுக்குள் நிசான் எஞ்ஜின் வைக்கும் நம் பாஸ்மார், தெரிந்தோ தெரியாமலோ, தூரத்துச் சொந்தத்தைப் பழைய வீட்டுக்குக் கூட்டி வருகிறார்கள்.

ஆனால் சொந்தமானாலும் உடம்பு மாறிவிட்டது. ஒஸ்டினின் பழைய எஞ்ஜினில் காற்று உள்ளே போகும் வழியும் புகை வெளியேறும் வழியும் இரண்டுமே இடப்பக்கத்தில். ஸ்டியரிங் வலப்பக்கம். சூடு ஒரு பக்கம், ஸ்டியரிங் தண்டு மறுபக்கம், சண்டையே இல்லை. பின்னாளில் வந்த பல எஞ்ஜின்களில் காற்று ஒரு பக்கத்தால் நுழைந்து புகை மறுபக்கத்தால் போகும். மூச்சு நேராக ஓடுவதால் வலு கூடும். அப்படி வலப்பக்கம் புகை விடும் எஞ்ஜினை இந்தக் காரில் இறக்கினால், செந்தணலாகக் காயும் இரும்புக் குழாய் ஸ்டியரிங் தண்டின் தோளில் கை போட்டு நிற்கும். கராஜில் நடந்தது அதுதான்.

இனி அந்த நாலு மில்லிமீற்றரைப் பார்ப்போம். எஞ்ஜின் காரின் உடம்போடு இறுக்கிக் கட்டப்பட்டதல்ல. றப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. இல்லாவிட்டால் அதன் அதிர்வு முழுவதும் நம் எலும்புக்குள் இறங்கும். றப்பர் விட்டுக்கொடுப்பதால் எஞ்ஜின் ஆடும். எந்தப் பக்கம் ஆடும் என்பதை நியூட்டனின் மூன்றாம் விதி சொல்லிவிடுகிறது. எஞ்ஜின் தன் தண்டை ஒரு பக்கம் முறுக்கினால், தண்டு எஞ்ஜினை எதிர்ப்பக்கம் முறுக்கும். பெரும்பாலான எஞ்ஜின்கள், ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால், இடஞ்சுழியாகச் சுழல்கின்றன. ஆகவே எஞ்ஜின் உடம்பு வலஞ்சுழியாகச் சாயும். அதாவது அதன் தலை வலப்பக்கம் வரும். நம் நாட்டில் ஸ்டியரிங்கும் வலப்பக்கம்!

முறுக்கின் அளவையும் போட்டுப் பார்க்கலாம். எஞ்ஜின் 100 நியூட்டன் மீற்றர் முறுக்கு விசை தருவதாக வைத்துக்கொள்வோம். முதல் கியரில் கியர் பெட்டி அதை மூன்றரை மடங்காக்கினால் 350. எஞ்ஜினும் கியர் பெட்டியும் ஒரே கட்டு என்பதால், அந்த 350 முழுவதையும் மவுண்டிங்குகள் தாங்க வேண்டும். எஞ்ஜினுக்குப் பக்கவாட்டில் ஒரு மீற்றர் நீளக் கம்பை நீட்டி, அதன் நுனியில் ஏறக்குறைய 36 கிலோகிராம் மூட்டையைத் தொங்கவிட்ட மாதிரி. வெல்லவாயச் சமவெளியிலிருந்து தியலும அருவியையும் கொஸ்லந்தவையும் கடந்து பேரகலைக்கு ஏறும் பாதையில், ஒவ்வொரு கொண்டையூசி வளைவிலும் இந்த மூட்டை தொங்குகிறது. கார் கடினமாக ஏறும் அதே கணத்தில், ஸ்டியரிங்கை முழுமையாகத் திருப்பும் அதே கணத்தில், எஞ்ஜின் ஸ்டியரிங்கை நோக்கிச் சாய்கிறது. பாஸ் அலவாங்கால் நெம்பியது இந்த ஏற்றத்தைக் கராஜுக்குள் கொண்டுவரத்தான்.

அதோடு சூடும் இடத்தைத் தின்னும். இரும்பு ஒவ்வொரு செல்சியஸ் பாகைக்கும் தன் நீளத்தில் இலட்சத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக நீளும். அரை மீற்றர் குழாய் 500 பாகை சூடேறினால் 3 மில்லிமீற்றர் கூடும். மா காட்டிய நாலில் மூன்று அங்கேயே போய்விடும். மிச்சம் ஒன்று. மவுண்டிங் றப்பர் ஓராண்டில் சற்றுத் தளர்ந்தால் அந்த ஒன்றும் இல்லை.

தொட்டால் என்ன ஆகும்? சில நேரம் ஒரு சத்தம் மட்டும் கேட்கும். சில நேரம் ஸ்டியரிங் ஒரு கணம் இறுகி, பிறகு விடும். சமவெளியில் அந்த ஒரு கணத்தை மன்னித்துவிடலாம். தியலும 220 மீற்றர் விழும் மலைமுகத்தை ஒட்டிப் போகும் வீதியில் அந்தக் கணத்துக்கு இடமில்லை. கொஸ்லந்த என்றவுடன் நாடு முழுவதற்கும் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்த தோட்டத்தின் லயங்களை மூடிய மண்சரிவுதான் நினைவுக்கு வரும். சரிவில் வாழ்வதென்றால் என்ன என்று இந்த ஊருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பாஸ் நாலு மில்லிமீற்றரைப் பார்த்துத் தலையை ஆட்டியதில் அந்த அறிவும் இருந்ததாகவே எனக்குப் படுகிறது.

சரி, இடைவெளியை எப்படி உண்டாக்குவது? வழிகள் சில உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலையும் உண்டு.

முதலாவது, ஸ்டியரிங் தண்டையே வளைத்துக் கொண்டுபோவது. நேரான தண்டை நெருப்பில் காய்ச்சி வளைக்கவே கூடாது. வளைந்த தண்டு சுழலும்போது நாலு பக்கமும் அடிக்கும், உருக்கின் பலமும் போய்விடும். வளைவு வேண்டிய இடத்தில் யூ-ஜொயின்ட் என்ற மூட்டைப் போட வேண்டும். சிலுவை போன்ற ஒரு துண்டு, அதன் இரு பக்கமும் கவை. நம் முழங்கை ஒரு திசையில் மடங்கும். இது எல்லாத் திசையிலும் மடங்கிக்கொண்டே சுழலும்.

இந்த மூட்டின் கதை அழகானது. 1676இல் இலண்டனில் ரொபர்ட் ஹூக் இதை விவரித்து எழுதியபோது உலகில் கார் கிடையாது. கண்ணுக்குக் கேடில்லாமல் சூரியனைப் பார்க்கும் கருவிகளைப் பற்றிய நூலில்தான் இது வருகிறது. வான்கருவி ஒன்றைக் கைப்பிடியால் தூரத்திலிருந்து, சாய்வாகத் திருப்ப அவருக்கு ஒரு மூட்டு தேவைப்பட்டது. சூரியனைத் தேடிய மூட்டு இன்று கொழுந்து லொறியின் அடியிலும் பஸ்ஸின் அடியிலும் சுழல்கிறது.

அதில் ஒரு குணம் உண்டு. ஒரு பக்கம் சீராகச் சுழற்றினால் மறுபக்கம் சீராகச் சுழலாது. ஒவ்வொரு சுற்றிலும் இரு தடவை முந்தும், இரு தடவை பிந்தும். மடிப்பு 15 பாகையானால் இந்த ஏற்ற இறக்கம் மூன்றரை சதவீத அளவில் நிற்கும், கைக்குத் தெரியாது. 30 பாகையானால் மறுபக்க வேகம் 0.87 மடங்குக்கும் 1.15 மடங்குக்கும் இடையில் ஊசலாடும். ஸ்டியரிங் ஓரிடத்தில் இலேசாகவும் ஓரிடத்தில் கனமாகவும் திரும்புவது கைக்குத் தெரியும். மருந்தும் அதே மூட்டில்தான் இருக்கிறது. இரண்டாவது மூட்டு ஒன்றைப் போட்டு, இரண்டையும் ஒரே அளவு மடக்கி, நடுத்தண்டின் இரு நுனிக் கவைகளையும் ஒரே தளத்தில் நிறுத்தினால், முதல் மூட்டு பிந்தும்போது இரண்டாவது முந்தும். பிழையும் பிழையும் கழிந்து சுழற்சி சீராகிவிடும். கவையைக் கால் சுற்றுத் தவறிப் பூட்டினால் இரண்டு பிழையும் கூடிவிடும். மூன்று மூட்டு போட வேண்டி வந்தால், நடுவில் தண்டைத் தாங்க ஒரு பெயாரிங் செசியில் உறுதியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்டு கயிறு மாதிரித் துவளும்.

இந்தக் கேம்பிரிட்ஜில் பாஸ் அந்த வழிக்குப் போகவில்லை. அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் ஸ்டியரிங் தண்டும், கீழே பெட்டிக்குள் இருக்கும் திருகும் ஒரே துண்டு. மூட்டுப் போட வேண்டுமானால் தண்டை வெட்ட வேண்டும், வெட்டிய இடத்தில் ஒட்ட வேண்டும். “ஸ்டியரிங் தண்டுல வெல்டிங் அடிச்சிட்டு ராத்திரி தூங்க முடியுமா?” என்றார்.

இரண்டாவது வழி, ஸ்டியரிங் பெட்டியைச் சற்று நகர்த்துவது. பார்க்க எளிது; எனக்கு மிகவும் பயமாகப் பட்டது இதுதான். முன் சக்கரம் குழியில் இறங்கி ஏறும்போது சஸ்பென்ஷன் கை ஒரு வில் வரைகிறது. சக்கரத்தைத் திருப்பும் கம்பியும் ஒரு வில் வரைகிறது. இரண்டு வில்லும் பொருந்தி வரும்படி பொறியியலாளர்கள் இடம் குறித்திருக்கிறார்கள். பெட்டியை இரண்டு சென்ரிமீற்றர் தூக்கினால் வில்கள் பிரிந்துவிடும். அப்போது கை அசையாமலே, குழிக்குக் குழி சக்கரம் தானாகத் திரும்பும்.

முன் சக்கரங்களின் கணக்கும் நுட்பமானது. வளைவில் உள்சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிச்சக்கரம் பெரிய வட்டத்திலும் போவதால், இரண்டும் ஒரே அளவு திரும்பக் கூடாது. இரண்டரை மீற்றர் நீள அச்சிடைவெளி உள்ள கார் 6 மீற்றர் ஆர வளைவில் திரும்பும்போது, உள்சக்கரம் 25 பாகையும் வெளிச்சக்கரம் 21 பாகையும் திரும்ப வேண்டும். இதைக் குதிரை வண்டிக்காகக் கண்டவர் மியூனிக் நகர வண்டி செய்பவர் ஜோர்ஜ் லங்கென்ஸ்பெர்கர். 1818இல் இலண்டனில் காப்புரிமை எடுத்தவர் புத்தக வெளியீட்டாளர் ருடோல்ப் அக்கர்மன். பெயர் அவருக்கே நின்றுவிட்டது. வண்டிக்காரர் தந்த அந்த நாலு பாகை வித்தியாசத்தைக் கெடுத்தால், கொண்டையூசி வளைவில் டயர் இழுபட்டுத் தேயும்.

மூன்றாவது வழி, எஞ்ஜினை நகர்த்துவது. நாலாவது, எஞ்ஜினின் வெளிப்புறத்தை, அதாவது மெனிபோல்டை மாற்றிச் செய்வது. பாஸ் இவை இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார். மவுண்டிங் தாங்கிகளை அறுத்துப் பூட்டி எஞ்ஜினை இடப்பக்கம் 15 மில்லிமீற்றர் தள்ளினார். அதற்குமேல் தள்ளினால் பின்னச்சுக்குப் போகும் தண்டு கோணலாகும். அங்கேயும் ஹூக்கின் மூட்டுதான் இருக்கிறது, அதே கணக்குத்தான். பிறகு வார்ப்பிரும்பு மெனிபோல்டைக் கழற்றிவிட்டு, நான்கு உருக்குக் குழாய்களை வளைத்து, தண்டை விட்டு விலகி எஞ்ஜினின் உடம்பை ஒட்டி இறங்கும்படி ஒரு புதிய மெனிபோல்ட் செய்தார்.

தொடாவிட்டாலும் சூடு பாயும். 1879இல் யோசெப் ஸ்டெஃபான் கண்ட விதி, சூடான பொருள் வீசும் வெப்பம் அதன் தனி வெப்பநிலையின் நான்காம் அடுக்காகக் கூடும் என்கிறது. குழாய் 300 பாகையிலிருந்து 600 பாகைக்கு ஏறினால், வீசும் வெப்பம் இரண்டு மடங்காவதில்லை. ஐந்து மடங்குக்கும் மேலாகிறது. அது தண்டின் கிறீஸை உருக்கும், றப்பர் வளையங்களைக் காயவைக்கும். அதனால் நடுவில் ஓர் அலுமினியத் தகடு. மினுங்கும் தகடு வெப்பத்தைத் திருப்பி அனுப்பும். தகட்டுக்கும் தண்டுக்கும் நடுவில் ஓடும் காற்று மிச்சத்தைக் கொண்டுபோகும். தகட்டைத் தண்டிலேயே ஒட்டியிருந்தால் பயன் பாதிதான். இங்கும் வேலை செய்வது இடைவெளிதான்.

இடைவெளி என்றதும் மொரிஸ் மைனர் நினைவுக்கு வருகிறது. மலையகத்தில் நாம் எல்லோரும் ஒரு நாளாவது ஏறிய கார். அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், இரு பக்கமும் படுத்திருக்கும் நான்கு சிலிண்டர் எஞ்ஜின் ஒன்றுக்காக பொனட்டின் அடியை அகலமாக விட்டார். போதாதென்று, செய்துமுடித்த மாதிரிக் காரை நீளவாட்டில் இரண்டாக அறுத்து, நாலு அங்குலம் விலக்கிப் பார்த்து, அந்த அகலத்தையே வைத்துக்கொண்டார். 1948இல் கார் வெளிவந்தபோது அந்த எஞ்ஜின் கைவிடப்பட்டு, பழைய 918 சிசி எஞ்ஜின் ஒன்றே உள்ளே இருந்தது. வராத எஞ்ஜினுக்காக விட்ட இடம் அப்படியே தங்கிவிட்டது. உலகெங்கும் மைனருக்குள் வேறு எஞ்ஜின்கள் குடிபுக முடிந்ததற்கு அந்த இடமும் ஒரு காரணம். ஒருவர் தாராளமாக விட்ட நாலு அங்குலம், அவர் கனவிலும் காணாத கராஜ்களில் இன்னும் உதவிக்கொண்டிருக்கிறது.

எஞ்ஜினையும் சக்கரத்தையும் தண்டையும் நாம் பாகங்கள் என்கிறோம். அவற்றுக்கு இடையில் விட்ட காற்றும் ஒரு பாகம்தான். அதற்கும் அளவு உண்டு. அதுவும் தேயும், சூட்டில் சுருங்கும். அதைக் கடையில் வாங்க முடியாது. வேலை தெரிந்த ஒருவர் விட்டால்தான் இருக்கும். நல்ல பாஸ் எஞ்ஜினை நிற்கும் பொருளாகப் பார்ப்பதில்லை. அது ஆடி, சாய்ந்து, சூடேறி எங்கெங்கே போகுமோ அத்தனை இடத்தையும் சேர்த்து அதன் உடம்பாகப் பார்க்கிறார்.

மூன்றாம் நாள் மறுபடி ரொட்டி மா வந்தது. அலவாங்கு, ஸ்டியரிங்கின் இரு கோடி, பிளேட், வேர்னியர். இந்தத் தடவை 22 மில்லிமீற்றர். மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தில் புதிய எஞ்ஜின் இலக்கத்தைப் பதியும்படி பாஸ் மாஸ்டருக்கு நினைவூட்டினார். பிறகு தன் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, சுண்ணாம்பை விரலில் தொட்டு, ஸ்டியரிங் தண்டில் மெனிபோல்டுக்கு நேரே சுற்றிவரப் பூசினார். “தொட்டா இது சொல்லிரும்” என்றார்.

காரில் நாலு பேர் ஏறினோம். பேரகலை ஏற்றம். வளைவுகளில் பாஸ் வேண்டுமென்றே முதல் கியருக்கு இறங்கி, ஸ்டியரிங்கைக் கோடிவரை திருப்பி ஏறினார். மேலே, பனி மூடிய சந்தியில் நிறுத்திவிட்டு பொனட்டைத் திறந்தார். பையன் டோர்ச் அடித்தான். காய்ந்து வெளுத்திருந்த சுண்ணாம்பு வளையத்தில் ஒரு கீறலும் இல்லை. பாஸ் அதைத் துணியால் துடைக்கவில்லை.

“கிடக்கட்டும். மாஸ்டர் மாசத்துக்கு ஒருக்கா தொறந்து பாக்கட்டும்.”